தீபாவளிப் பரிசுப் போட்டி: குறியீட்டை ஏற்கவில்லை, கேட்டால் பதிலும் இல்லை (பினாங்கு, பிறை நண்பர்கள் எழுதுங்கள்)

செபராங் ஜெயா மகள் | திங்கள், இரவு 9.40

வணக்கம். தீபாவளியை முன்னிட்டு ஒரு பான நிறுவனம் நடத்திவரும் பரிசுப் போட்டி பற்றித்தான் இந்த இழை. காலையிலிருந்து இரவு வரை வானொலியில் தமிழில் விளம்பரம் ஓடுவதால் எந்த நிறுவனம் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். தள விதியை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன்.

நடைமுறை இதுதான். போத்தல் மூடியின் உட்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று அச்சிட்டிருக்கும். போட்டியின் இணையப் பக்கத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி வந்ததும் உள்ளே போய், குறியீட்டைத் தட்டச்சு செய்து, கடை ரசீதைப் படம் பிடித்துச் சேர்த்து, ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். வாரப் பரிசு மின்பணப்பையில் ரொக்கமாக வரும். கடைசிப் பரிசு மோட்டார் சைக்கிள்.

என் அம்மாவுக்கு அந்த மோட்டார் சைக்கிள்மேல்தான் கண். தம்பி வேலைக்குப் போய்வர ஒன்று வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூடியைக் கழுவினால் மை அழிகிறது என்று கண்டுகொண்டு, துணியால் ஒற்றி எடுத்து, பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து அவர் படிப்பார், நான் தட்டச்சு செய்வேன். 'ஓ'வா சுழியமா, 'பி'யா எட்டா, 'ஐ'யா ஒன்றா என்று மூடிக்கு மூடி தடுமாற்றம். அதையெல்லாம் கடந்து சரியாகப் போட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு பிழைச் செய்தி. மறுபடி அதே குறியீட்டைப் போட்டால் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்கிறது. யார் பயன்படுத்தியது? மூடி அம்மாவின் கையில் இருக்கிறது. எங்கள் கணக்கிலோ ஒரு பதிவும் ஏறவில்லை.

வாடிக்கையாளர் எண்ணில் பதிவுசெய்த குரல்தான் பேசுகிறது. மின்னஞ்சலுக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில். முகநூல் பக்கத்தில் கேட்டால் உள்பெட்டிக்கு வரச் சொன்னார்கள். உள்பெட்டியில் கேட்டேன், பதில் இல்லை. மறுநாள் பார்த்தால் பக்கத்தில் நான் கேட்ட கேள்வியையே நீக்கியிருந்தார்கள். இங்கே எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். 'பழுதாகிவிட்டது, சரிசெய்துகொண்டிருக்கிறோம், மூடிகளைப் பத்திரமாக வைத்திருங்கள்' என்று ஒரு வரி எழுத என்ன தடை? வேறு யாருக்கெல்லாம் இப்படி நடந்தது?

நெறியாளர் | திங்கள், இரவு 9.58

நிறுவனத்தின் பெயரையும் அங்கு வேலை செய்பவர்களின் பெயரையும் யாரும் எழுத வேண்டாம். கைப்பேசி எண், அடையாள அட்டை எண், மூடியின் முழுக் குறியீடு ஆகியவை தெரியும்படி படம் போடவும் வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

கெலுகோர் மாணவி | திங்கள், இரவு 10.15

என்னால் பதிவே செய்ய முடியவில்லை அக்கா. என் எண் 011இல் தொடங்குவது. அவர்களின் பெட்டி 10 இலக்கத்துக்குமேல் ஏற்கவில்லை. 011 எண்களுக்கு 11 இலக்கம் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வகுப்பில் முன்கட்டண எண் வைத்திருக்கும் பாதிப் பேர் 011தான். 'சரியான எண்ணை உள்ளிடவும்' என்று அது சிவப்பில் காட்டும்போது, எண் தவறில்லை, உன் பெட்டிதான் தவறு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பிறை இரவுப்பணி | செவ்வாய், காலை 8.20

தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்துதான் நான் பதிவு செய்வேன். ஒரு நாளைக்கு இத்தனை பதிவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்லவில்லை. காலை 7 மணிக்கு முயன்றால் 'இன்றைய வரம்பு முடிந்தது' என்று வருகிறது. இன்று நான் தொடங்கவே இல்லையே! 8 மணி தாண்டியதும் ஏற்றுக்கொள்கிறது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். நாள்தோறும் இதே கதைதான். கணினி தெரிந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

நிபோங் திபால் கடைக்காரர் | செவ்வாய், காலை 11.05

மளிகைக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் என் பங்குக்குச் சொல்கிறேன். போட்டியின் சுவரொட்டியை என் கடைச் சுவரில் ஒட்டியது நானில்லை. அவர்களின் விற்பனை முகவர் லாரியோடு வந்து, ஒட்டி, படம் எடுத்து, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனார். 'இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள் அண்ணாச்சி, போட்டி இருக்கிறது, ஓடும்' என்றார். நானும் கூடுதல் பெட்டிகள் எடுத்தேன்.

என் கடையில் ரசீது கையால் எழுதித்தான் தருவேன். கடை முத்திரை, தேதி, பொருள், விலை எல்லாம் இருக்கும். அந்த ரசீதைப் படம் பிடித்து அனுப்பிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் 'செல்லாத ரசீது' என்று வந்திருக்கிறது. நிபந்தனையைப் படித்துப் பார்த்தேன். அச்சிட்ட ரசீதாக இருக்க வேண்டுமாம். அப்படியென்றால் என் கடையில் எதற்குச் சுவரொட்டி? பேரங்காடிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் போட்டி என்று அதிலேயே போட்டிருக்கலாமே. இப்போது தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமார் என்னிடம்தான் கேட்கிறார்கள்: 'நீ கொடுத்த சீட்டு செல்லாதாமே, என்னப்பா இது?' முப்பது வருடக் கடை ஐயா. யாரோ ஒருவர் எழுதிய நிபந்தனைக்கு நான் தலைகுனிந்து நிற்கிறேன்.

தஞ்சோங் தோக்கோங் வாசி | செவ்வாய், மதியம் 1.30

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. தண்ணீர் குடித்தோம், காசு கொடுத்தோம், கணக்கு முடிந்தது. பரிசு என்பது மேலே கிடைப்பது. கிடைத்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே? இலவசத்துக்கு ஏன் இவ்வளவு மனவேதனை? நாட்டில் பேச வேறு எவ்வளவோ இருக்கிறது.

செபராங் ஜெயா மகள் | செவ்வாய், மதியம் 2.10

இலவசம் இல்லை அண்ணா. போட்டி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அந்தப் போத்தலே வாங்கியிருக்க மாட்டோம். 'வாங்குங்கள், வெல்லுங்கள்' என்று சொல்லித்தான் விற்றார்கள். பாதி வாக்குறுதியைக் காசாக்கிக்கொண்டு மறுபாதியைக் கேட்டால் வாய் திறக்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்? பரிசு விழாவிட்டால் அம்மா வருத்தப்பட மாட்டார். போட்டியில் சேர்த்துக்கொண்டார்களா என்று தெரியாமல் இருப்பதுதான் அவரை அரிக்கிறது.

பாயான் பாரு பொறியாளர் | செவ்வாய், இரவு 10.45

மென்பொருள்தான் என் தொழில். இதுபோன்ற போட்டித் தளங்களைக் கட்டிய அனுபவமும் உண்டு. இந்த நிறுவனத்தின் தளத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெளியிலிருந்து தெரிவதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அக்காவின் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது'. ஒரு குறியீட்டை அனுப்பும்போது உள்ளே மூன்று வேலை நடக்கிறது. குறியீடு உண்மையானதா என்று பார்ப்பது, அதைச் செலவானது என்று குறிப்பது, உங்கள் கணக்கில் பதிவை ஏற்றுவது. இந்த மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். தரவுத்தளங்களில் அதற்கென்றே டிரான்சாக்‌ஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது, அரை நூற்றாண்டாகப் புழங்கும் சங்கதி. இங்கே இரண்டாவது வேலை முடிந்து மூன்றாவது முடிவதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது என்று நினைக்கிறேன். கடையில் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, சரக்கைக் கேட்டால் 'நீங்கள்தான் அப்போதே வாங்கிவிட்டீர்களே' என்று சொல்வதற்கு ஒப்பானது இது. இரவு எட்டிலிருந்து பத்துக்குள் இது கூடுதலாக நடக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு மூடியும் கையுமாக உட்காரும் நேரம் அது. நெரிசலைத் தாங்க முடியாத வழங்கியில், அதாவது தளத்தை இயக்கும் கணினியில், இப்படித்தான் நடுவழியில் நிற்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கான தடயம் அவர்களிடம் கட்டாயம் இருக்கும். எந்தக் குறியீடு, எந்த எண்ணிலிருந்து, எந்த நொடியில் வந்தது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். செலவானது என்று குறித்தும் எவர் கணக்கிலும் ஏறாத குறியீடுகளைத் தேடி எடுக்க ஒரு பொறியாளருக்கு அரைநாள் போதும். முடியாத காரியம் இல்லை. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை, அவ்வளவே.

'ஓ'வா சுழியமா என்ற குழப்பத்துக்கு மன்னிப்பே கிடையாது. குறியீடு உருவாக்கும்போதே கண்ணை ஏமாற்றும் எழுத்துகளை விலக்கிவிட்டு மீதியை மட்டும் பயன்படுத்துவது பழைய வழக்கம். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு முதியவரிடம் மூடியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தாலே தெரிந்திருக்கும்.

பிறை நண்பரே, உங்கள் 8 மணி தற்செயல் இல்லை. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. வழங்கியின் கடிகாரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 8 மணி. இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வாரக் கணக்கு ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது என்றால், திங்கள் அதிகாலையில் நீங்கள் போடும் பதிவு முந்தைய வாரத்தில் போய் விழும். அந்த வாரத்துப் பட்டியலை ஞாயிறு நள்ளிரவே எடுத்து முடித்திருந்தால் உங்கள் பதிவு எந்த வாரத்திலும் இருக்காது. பாதிக்கப்படுவது யார்? இரவு வேலை பார்ப்பவர்கள்.

கடைசியாக ஒன்று, இது என் ஊகம் மட்டுமே. நிபந்தனையின் அடியில் பாருங்கள்: வெற்றியாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்படும், 3 வேலை நாளுக்குள் பதில் தராவிட்டால் பரிசு ரத்து என்று இருக்கிறது. 2024 செப்டம்பர் 1 முதல், நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளில் இணையச் சுட்டி இருக்கக்கூடாது, சொந்த விவரம் கேட்கக்கூடாது, திருப்பி அழைக்கத் தொலைபேசி எண்ணும் கொடுக்கக்கூடாது என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. மோசடியைத் தடுக்க வந்த நல்ல விதி. 'வாழ்த்துகள், இந்தச் சுட்டியை அழுத்துங்கள்' என்ற பழைய வாசகத்தையே இவர்கள் அனுப்பியிருந்தால் அது தொலைத்தொடர்பு நிறுவனத்தைத் தாண்டி உங்கள் கைக்கு வந்திருக்காது. வென்றது தெரியாமலேயே பரிசை இழந்தவர்கள் இருக்கலாம்.

முன்னாள் விளம்பரத்துறை | புதன், காலை 9.30

கோலாலம்பூரில் ஒரு விளம்பர முகவாண்மையில் வேலை பார்த்தவள் நான். ஏன் பதில் வருவதில்லை என்று உள்ளேயிருந்து சொல்கிறேன்.

பான நிறுவனம் வேலையை விளம்பர முகவாண்மையிடம் கொடுக்கும். முகவாண்மை இணையப் பக்கத்தை ஒரு சிறு நிறுவனத்திடமும், குறுஞ்செய்தியை இன்னொருவரிடமும், முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதை மூன்றாமவரிடமும் கொடுக்கும். முகநூலில் உங்களுக்குப் பதில் போடுபவர் பெரும்பாலும் இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளை. 'இந்த ஐந்து வாசகத்தைத் தவிர வேறு எதையும் எழுதாதே' என்று தாளில் கொடுத்திருப்பார்கள். தளம் விழுந்துவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் 'பழுது' என்ற சொல்லை எழுத நான்கு பேர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் பழுதானால் திங்கள் வரை யாரும் கையெழுத்திட மாட்டார்கள். அதனால் அந்தப் பிள்ளைமேல் கோபப்படாதீர்கள்.

ஆனால் நீக்கிய கருத்தைப் பற்றி நான் வாதாட மாட்டேன். அது தெரிந்தே செய்வது. போட்டி நடக்கும்போது புகார் கண்ணில் பட்டால் விற்பனை குறையும் என்பதால் செய்வது. எங்கள் அலுவலகத்தில் அதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் உண்டு.

ஜெலுத்தோங் ஓய்வுபெற்ற ஆசிரியர் | புதன், மாலை 5.15

பிள்ளைகளே, மூடிக் குறியீட்டில் பிழை வந்தால் காரியம் எதுவரை போகும் என்பதற்குப் பிலிப்பீன்ஸ் ஒரு சாட்சி. 1992இல் பெப்சி நிறுவனம் அங்கே மூடிக்கடியில் மூன்று இலக்க எண் அச்சிட்டு 'நம்பர் ஃபீவர்' என்ற போட்டியை நடத்தியது. உச்சப் பரிசு ஒரு மில்லியன் பேசோ. மே 25 இரவு தொலைக்காட்சியில் வெற்றி எண் 349 என்று அறிவித்தார்கள். அந்த எண் பொறித்த மூடிகள் ஏறக்குறைய 800,000 ஏற்கெனவே சந்தையில் இருந்தன. உண்மையான வெற்றி மூடியில் இருக்க வேண்டிய பாதுகாப்புக் குறியீடு அவற்றில் இல்லை. அது சாதாரண மக்களுக்கு எப்படித் தெரியும்? குடிசை வீடுகளில் இரவெல்லாம் கொண்டாட்டம். மறுநாள் காலைச் செய்தித்தாளில் வெற்றி எண் 134 என்று வந்தது!

நான் கவனிக்கச் சொல்வது அந்த ஓரிரவைத்தான். எண் பிசகியது கணினிப் பிழை. அதை நேரே வந்து சொல்லாமல், காரணமும் சொல்லாமல், வேறொரு எண்ணைப் பத்திரிகையில் போட்டது மனிதர்கள் செய்தது. பிறகு நல்லெண்ணத் தொகை என்று ஆளுக்கு 500 பேசோ தந்தார்கள். நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கிக்கொண்டார்கள். வாங்க மறுத்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். லாரிகள் எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனம் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. நம்முடையது அந்த அளவுக்குப் பெரியது இல்லை, ஆகவும் கூடாது. ஆனாலும் 'பொறுத்திருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மௌனமாக இருக்கும் இவர்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

பாலேக் பூலாவ் தந்தை | புதன், இரவு 7.00

பரிசை விடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள். 2019இல் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய இனிப்புப் பான வரி 2025இல் 90 சென்னுக்கு வந்திருக்கிறது. அரசு குறைக்கச் சொல்கிறது. போட்டியோ இன்னும் ஒரு மூடி, இன்னும் ஒரு மூடி என்று குடிக்கச் சொல்கிறது. நீரிழிவு உள்ள வீடு எங்களுடையது. பிள்ளைகளிடம் மூடி சேர்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

கெலுகோர் மாணவி | வியாழன், காலை 10.20

அவசரம். எல்லாரும் படியுங்கள். முகநூலில் அதே சின்னம், அதே பெயருடன் இன்னொரு பக்கம் முளைத்திருக்கிறது. அசல் பக்கத்தில் புகார் எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, 'உங்கள் பதிவைச் சரிசெய்துவிட்டோம், நீங்கள் வென்றுவிட்டீர்கள், பரிசை அனுப்ப வங்கிக் கணக்கு எண்ணும் இப்போது வரும் ஓடிபியும் கொடுங்கள்' என்று கேட்கிறது. என் அத்தை கொடுக்கப் போனார், நான் பக்கத்தில் இருந்ததால் தடுத்தேன். எந்தப் பரிசுக்கும் வங்கி ஓடிபி தேவையில்லை. யாராவது கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியையும், மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் அழையுங்கள்.

முன்னாள் விளம்பரத்துறை | வியாழன், காலை 10.50

அசல் பக்கம் வாயை மூடிக்கொண்டிருப்பதால் போலிப் பக்கம் பேசுகிறது. பதிலுக்காக ஏங்கும் மக்கள் முதலில் பேசுகிறவரைத்தான் நம்புவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவாவது நிறுவனம் இன்றே அறிவிப்பு வெளியிட வேண்டும்.

லெபோ பந்தாய் எழுத்தர் | வியாழன், இரவு 9.10

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் நான், வழக்கறிஞர் இல்லை. நாள்தோறும் கையாள்கிற விஷயங்களைச் சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 14ஆவது பிரிவு: தரும் எண்ணம் இல்லாமல் பரிசு அறிவிப்பதும், அறிவித்தபடி தரும் எண்ணம் இல்லாமல் அறிவிப்பதும் குற்றம். இதில் 'எண்ணம்' என்பதை நிரூபிப்பது கடினம். தளம் பழுதானது குற்றமாகாது. பழுது என்று தெரிந்த பிறகும் அதே விளம்பரத்தைத் தொடர்ந்து ஓடவிட்டார்கள், கைரசீது கடைகளில் சுவரொட்டியை விட்டுவைத்தார்கள் என்று தேதியோடு காட்டினால் புகாருக்குப் பலம் கூடும். கடைக்காரர் ஐயா சுவரொட்டியைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

புகாரை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு 1-800-886-800 எண்ணில் சொல்லலாம், இணையத்திலும் போடலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 ரிங்கிட்தான் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெல்லாத பரிசுக்காக அங்கே போனால் நிற்குமா என்பது சந்தேகம். மறுக்கப்பட்ட பரிசுக்குப் போகலாம் என்பது என் கருத்து.

இப்போது முக்கியமான வழி. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும்படி எழுத்துவழிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கோரிக்கை கிடைத்த 21 நாளுக்குள் அவர்கள் தர வேண்டும். சிறு கட்டணம் கேட்கலாம். பொறியாளர் தம்பி சொன்ன பதிவேட்டில் உங்கள் கைப்பேசி எண்ணோடு இருக்கும் ஒவ்வொரு வரியும் உங்கள் தரவுதான். 'எனக்கு ஏன் பரிசு இல்லை' என்று கேட்காதீர்கள், அதற்குத் தானியங்கிப் பதில் தயாராக இருக்கிறது. 'என் எண்ணில் நீங்கள் பதிந்து வைத்திருக்கும் அனைத்தையும் தாருங்கள்' என்று கேளுங்கள். தனியுரிமை அறிவிப்பின் அடியில் அதற்கென ஒரு முகவரி கொடுத்திருப்பார்கள். அங்கே எழுதினால் முகநூல் பிள்ளையைத் தாண்டி நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கே போகும்.

இன்னொன்று. அந்தத் தனியுரிமை அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தமிழில் தரக் கட்டாயம் இல்லை. அதனால் அதைச் சட்டப் புகாராக்க முடியாது. வானொலியில் தமிழில் கூவி அழைத்துவிட்டு நிபந்தனைகளை ஒரு வரிகூடத் தமிழில் போடாதது நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

செபராங் ஜெயா மகள் | வியாழன், இரவு 10.00

எழுத்தர் ஐயாவுக்கு நன்றி. கடிதத்தின் மாதிரியை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி இங்கே இணைக்கிறேன். உங்கள் எண்ணை நிரப்பி அனுப்பினால் போதும். எழுதத் தயங்குகிறவர்கள் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

நெறியாளர் | அடுத்த மாதம், செவ்வாய்

பலர் கேட்டதால் இழையை மறுபடி திறந்திருக்கிறேன்.

செபராங் ஜெயா மகள் | செவ்வாய், இரவு 8.30

விவரம் வந்துவிட்டது. 21 நாள் முடியும் தறுவாயில் வந்த மின்னஞ்சலில் ஒரு அட்டவணை. பொறியாளர் அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. நேரமெல்லாம் நம் நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால். நாங்கள் இரவு 9 மணிக்குப் போட்டது மதியம் 1 மணி என்று பதிவாகியிருக்கிறது. பல வரிகளில் குறியீட்டின் நிலை 'பயன்படுத்தப்பட்டது', பக்கத்துக் கட்டத்தில் பதிவு எண் காலி. அம்மாவிடம் காட்டினேன். டின்னைத் திறந்து ஒவ்வொரு மூடியாக எடுத்து அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'நாம் பொய் சொல்லவில்லை என்று அவர்கள் தாளிலேயே இருக்கிறது' என்றார்.

பிறை இரவுப்பணி | செவ்வாய், இரவு 9.15

எனக்கும் வந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டாம் வாரத்துக்கு நேரே என் எண். 'வாரப் பரிசு: தேர்வு. குறுஞ்செய்தி: சென்றடையவில்லை. பதில் இல்லை. ரத்து.' எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. நான் வென்றிருக்கிறேன், வென்றதே எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அனுப்பிய செய்தி வந்து சேரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ரத்து செய்திருக்கிறார்கள். ஒரு முறை தொலைபேசியில் அழைத்திருக்கக்கூடாதா?

லெபோ பந்தாய் எழுத்தர் | செவ்வாய், இரவு 9.40

தம்பி, அந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். உங்களுடையது தெளிவான விவகாரம். முதலில் பரிசைக் கேட்டு நிறுவனத்துக்கு 14 நாள் அவகாசத்தில் ஒரு கடிதம், மறுத்தால் தீர்ப்பாயம். நாளை மதியம் அலுவலகப் பக்கம் வர முடியுமானால் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.

முன்னாள் விளம்பரத்துறை | புதன், காலை 8.50

நிறுவனத்தின் பக்கத்தில் நேற்றிரவு அறிவிப்பு வந்திருக்கிறது, பார்த்தீர்களா? 'சில பங்கேற்பாளர்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்', பதிவுக் காலம் ஒரு வாரம் நீட்டிப்பு. 011 எண்களை இப்போது ஏற்கிறது. அதை வரவேற்கிறேன், அழுத்தம் இல்லாமல் இதுவும் வந்திருக்காது. ஆனால் செலவாகிப்போன குறியீடுகள் பற்றி ஒரு சொல் இல்லை. கைரசீது பற்றி இல்லை. ரத்தான பரிசுகள் பற்றி இல்லை. மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டவர்களுக்கு ஒரு வார நீட்டிப்பால் என்ன பயன்? தமிழிலும் இல்லை.

நிபோங் திபால் கடைக்காரர் | புதன், காலை 11.30

விற்பனை முகவர் நேற்று வந்தார். சுவரொட்டியைக் கழற்ற வந்தாராம். விடவில்லை. 'மேலதிகாரி வந்து என் வாடிக்கையாளர்களிடம் விளக்கம் சொன்ன பிறகு கழற்றுங்கள்' என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. செல்லாது என்று திருப்பிய ரசீதுகளின் நகல்கள் என் புத்தகத்தில் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமோ முத்திரை போட்டுத் தருகிறேன்.

செபராங் ஜெயா மகள் | புதன், இரவு 9.20

ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு அடுத்த வாரம் நேரில் போகிறோம். அமைச்சுக்கும் அதே கோப்பின் நகல் போகும். நாங்கள் கேட்கப்போவது நான்கு. கணக்கில் ஏறாத குறியீடுகளை ஏற்றிவிட்டு அதன் பிறகே கடைசிப் பரிசுக்குத் தேர்வு நடத்த வேண்டும். செய்தி சென்றடையாமல் ரத்தான பரிசுகளைத் திருப்பித் தர வேண்டும். முத்திரையிட்ட கைரசீதை ஏற்க வேண்டும். நடந்தது என்ன என்பதை, விளம்பரம் ஓடிய அதே வானொலியில், அதே தமிழில் சொல்ல வேண்டும்.

அட்டவணை வந்தவர்கள் காலிக் கட்டம் உள்ள பக்கத்தை மட்டும், அடையாள அட்டை எண்ணை மறைத்து, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். இன்னும் கேட்டு எழுதாதவர்கள் இன்றிரவே எழுதுங்கள். மூடிகளை எறிய வேண்டாம்.